சார்லமாண்ட் தெரு, 37ஆம் எண்: டாக்டர் கேத்லீன் லின் பற்றிய நாட்குறிப்பு

ஏப்ரல் 24

1916இல் இந்தத் தேதி ஈஸ்டர் திங்கட்கிழமை. அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கிய நாள். டப்ளின் நகர மண்டபத்தை ஐரிஷ் குடிமக்கள் படையின் சிறு குழு ஒன்று பிடித்தது. குழுவில் பலர் பெண்கள். தலைவர் ஷான் கானலி, அபே நாடக அரங்கின் நடிகர். அன்று பிற்பகலே மண்டபக் கூரையில் குண்டடிபட்டு இறந்துபோனார். அவருக்குச் சிகிச்சை தரக் கூரைக்கு ஏறியவர் படையின் தலைமை மருத்துவர் கேத்லீன் லின். வயது 42. காலையில் மருந்தும் கட்டுத்துணியும் ஏற்றிக்கொண்டு காரில் வந்தவர். கானலி போனபின் அங்கே பதவியில் மூத்தவர் அவர்தான். ஆகவே சரணடையும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஒரு பெண் வந்து சரணடைவதை ஏற்றுக்கொள்ளலாமா என்று பிரிட்டிஷ் அதிகாரி தயங்கினாராம்.

லின்னைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தக் காட்சியில் தொடங்குகிறார்கள், நானும் விதிவிலக்கல்ல. ஆனால் கைதானபோது அவர் சொன்னதுதான் ஆளைக் காட்டுகிறது. போர்க்களத்து மருத்துவருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ‘நான் டாக்டர், காயத்துக்குக் கட்டுப்போட வந்தேன்’ என்று நின்றிருக்கலாம். அவரோ, டாக்டர்தான், ஆனால் போரிட்டவளும்கூட என்று பதிய வைத்தார். விளைவு சிறை: கில்மெய்னம், மவுண்ட்ஜாய், பிறகு இங்கிலாந்துக்கு நாடு கடத்தல்.

ஏப்ரல் 27

அந்த ஈஸ்டரிலிருந்துதான் லின்னின் நாட்குறிப்பு தொடங்குகிறது. 1955இல் சாகும்வரை எழுதினார். படிக்கக் கஷ்டமான கையெழுத்து. கையெழுத்துப் பிரதி இன்று அயர்லாந்து மருத்துவர் கல்லூரியில், டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கிறது.

அது போய்ச் சேர்ந்த இடம் பொருத்தமானது. பெண்களைத் தேர்வுக்கு அனுமதிக்க மருத்துவ அமைப்புகளுக்கு அதிகாரம் தந்த சட்டம் 1876இல் வந்தது. கவனிக்க: அனுமதிக்கலாம் என்றது, அனுமதித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. லண்டனும் எடின்பரோவும் இழுத்தடித்தபோது, 1877இல் முதலில் கதவைத் திறந்தது டப்ளினின் இந்தக் கல்லூரி. எலைசா வாக்கர் டன்பரும் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் கடல் தாண்டி வந்து இங்கேதான் உரிமம் வாங்கினார்கள். அறுவை மருத்துவர் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1885இல். அங்கே ஃபெலோ, அதாவது உயர்நிலை உறுப்பினர், ஆன முதல் பெண் எமிலி வினிஃப்ரெட் டிக்சன், 1893இல்.

சரி, கதவு திறந்தாயிற்று. அப்புறம் என்ன சிக்கல்? அதை நாளைக்கு.

ஏப்ரல் 28

சிக்கல் பட்டத்தில் இல்லை, ஆஸ்பத்திரிப் படுக்கையருகில் இருந்தது. டாக்டர் ஆவதற்குப் பரீட்சை போதும். கைதேர்ந்த டாக்டர் ஆகவேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தங்கி, இரவும் பகலும் நோயாளிகளைப் பார்க்கிற உள்தங்கு மருத்துவர் பணி வேண்டும். அந்தப் பணிக்கு ஆள் எடுப்பவர்கள் ஆண் மருத்துவர்களும் நிர்வாகக் குழுக்களும்.

லின் மாயோ மாவட்டத்துப் பாதிரியார் மகள், பிறப்பு 1874. சிசிலியா தெரு மருத்துவப் பள்ளியில் படித்து 1899இல் ராயல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே அடிலெய்டு ஆஸ்பத்திரியின் உள்தங்கு பணிக்குத் தேர்வானார். அங்கிருந்த ஆண்கள் எதிர்க்க, சேர முடியவில்லை. பிறகு விக்டோரியா கண்-காது ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. அங்கே உள்தங்கு மருத்துவரான முதல் பெண் அவர். 1909இல் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஃபெலோவும் ஆனார். ராத்மைன்ஸ் பெல்கிரேவ் சாலை 9ஆம் எண் வீட்டில் சொந்த கிளினிக்.

பெண் டாக்டர்களில் பலர் வாக்குரிமைக் கூட்டங்களில் இருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நகராட்சி, ஏழையர் காப்பு வாரியம், ஆஸ்பத்திரிக் குழு, இவற்றில் யார் உட்காருகிறார் என்பதுதான் யாருக்கு வேலை என்பதைத் தீர்மானித்தது. லட்சியம் இருந்திருக்கலாம், சொந்தப் பிழைப்பும் அதில் இருந்தது. வாட்டர்ஃபோர்டில் டாக்டர் மேரி ஸ்ட்ராங்மன் 1912இல் நகராட்சிக்கே தேர்வாகிவிட்டார், அந்த ஊரின் முதல் பெண் உறுப்பினராக.

மே 8

சென்னைக்கு ஒரு இழை இங்கே ஓடுகிறது. டப்ளினில் வாக்குரிமைக்காரர்கள் இரண்டு கட்சி. ஹாஸ்லம் தம்பதி 1876இல் தொடங்கிய பழைய சங்கம் மனுக்கொடுக்கும், கூட்டம் போடும், சட்டத்தை மீறாது. லின் 1903 முதல் 1916 வரை அதன் செயற்குழுவில் இருந்தார். 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனும் மார்கரெட் கசின்ஸும் சேர்ந்து தொடங்கிய பெண்கள் வாக்குரிமைக் கழகம் சிறைக்குப் போகவும் தயாரான புதுக் கூட்டம்.

அந்த மார்கரெட் கசின்ஸ்தான் 1915இல் கணவரோடு மதனப்பள்ளிக்கு வந்து, 1917 மே 8இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சென்னைச் சட்டசபைக்கு முன்னிறுத்தியது அந்தச் சங்கம். டாக்டரும் வாக்குரிமையும் சேர்ந்தே வருவது டப்ளினில் மட்டும் நடந்த கதை இல்லை.

மே 29

1919இல் இதே நாளில் செயின்ட் அல்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரி திறந்தது. சார்லமாண்ட் தெரு, 37ஆம் எண். கையிருப்பு 70 பவுண்டு. தொட்டில் இரண்டு. தொடங்கியவர்கள் லின்னும் அவருடைய வாழ்நாள் தோழி மேடலின் ஃப்ரெஞ்ச்-மல்லனும். நிர்வாகம், மருத்துவம், நர்சிங் எல்லாம் பெண்கள் கையில். உள்ளே விடாத ஆஸ்பத்திரிகளோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய பிறகு சொந்தமாக ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

கட்டடம் கைக்கு வந்தது காய்ச்சலால். 1918 மே மாதம் முதல் லின் போலீசுக்குத் தலைமறைவு. இலையுதிர் காலத்தில் பிடித்துவிட்டார்கள். ஊரெங்கும் இன்ஃப்ளூயென்சா, அயர்லாந்தில் 20,000 பேருக்கு மேல் பலி. டாக்டர்கள் போதவில்லை. மேயர் லாரன்ஸ் ஓ’நீல் பேசி அவரை வெளியே எடுத்தார். சார்லமாண்ட் தெரு வீடு முதலில் காய்ச்சல் நோயாளிகளுக்குத்தான் திறந்தது.

லின் அப்போது காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டார். இதைப் பெரிய வெற்றியாகச் சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இன்ஃப்ளூயென்சா வைரஸை மனிதரிடம் கண்டுபிடித்ததே 1933இல். 1918இல் கிடைத்த ஊசிகள் பாக்டீரியாவிலிருந்து செய்தவை. காய்ச்சலை அவை தடுத்திருக்க முடியாது. பின்னால் வரும் நிமோனியாவில் கொஞ்சம் உதவியிருக்கலாம், அவ்வளவே.

பெயர்க் காரணமும் அழகு. அல்டன் 7ஆம் நூற்றாண்டு ஆயர். கொள்ளைநோயில் தாயை இழந்த சிசுக்களுக்குப் பசுவின் காம்பை அறுத்து, அதில் பால் நிரப்பி ஊட்டினார் என்று கதை. பால்புட்டிக்கு மூதாதை.

ஜூன் 13

1912இல் இன்று காலை எட்டுப் பெண்கள் டப்ளினில் அரசுக் கட்டட ஜன்னல்களை உடைத்தார்கள். பிறகு மவுண்ட்ஜாய் சிறை. அந்த ஆகஸ்டில் அதே சிறையில் இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு போராட்டக்காரர்கள் உண்ணாவிரதம் இருக்க, குழாய் வழியாகக் கட்டாய உணவு புகட்டினார்கள்.

இதை வெறும் கொடுமை என்று சொல்லிக் கடப்பதைவிட, மருத்துவக் கண்ணால் பார்ப்பது மேல். ரப்பர் குழாயை மூக்கு வழியாகவோ, வாயில் இடுக்கி வைத்துத் திறந்தோ உள்ளே தள்ளி, பாலும் முட்டையும் கலந்ததை ஊற்றுவார்கள். ஒத்துழைக்கிற நோயாளி விழுங்கிக் கொடுப்பார். குழாய் உணவுக்குழாய்க்குள் வழுக்கிப் போகும். போராடுகிறவர் விழுங்கமாட்டார், இருமுவார், கத்துவார். கத்த மூச்சிழுக்கும்போது குரல்வளை திறந்திருக்கும். குழாய் மூச்சுக்குழாய்க்குள் போனால் பால் நுரையீரலில் இறங்கும், விளைவு நிமோனியா. சரியான இடத்தில் போனாலும் வாந்தியில் அதே ஆபத்து. சிறை டாக்டர்களுக்கு இது தெரியும்.

ஜூலை 19

ஐரோப்பியக் கோடை. டப்ளினில் சிசுக்கள் அதிகம் செத்தது இந்தச் சூடான வாரங்களில்தான். நோய்: வயிற்றுப்போக்கு.

அரசு விசாரணைக் குழு 1914இல் வெளியிட்ட கணக்குப்படி நகரில் சுமார் 20,000 குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன. பழைய மாளிகைகளை அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடுகள். முற்றத்தில் ஒரே குழாய், ஒரே கழிப்பிடம். தெருவில் குதிரைச் சாணம், அதனால் ஈ. நகருக்குள்ளேயே மாட்டுத்தொழுவங்கள். பால் காய்ச்சாமல் விற்கும். வெயிலில் சில மணி நேரத்தில் கெடும்.

இதில் புட்டியின் பங்கு பெரிது. நீண்ட ரப்பர் குழல் வைத்த பால்புட்டி அந்தக் காலத்து வசதி: குழந்தை படுத்தபடி தானே உறிஞ்சும், அம்மா வேலை பார்க்கலாம். ஆனால் குழலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வழியே இல்லை. நேற்றைய பாலின் படிவில் கிருமி பெருகி, இன்றைய பால் அதன் வழியாகவே போகும். இரண்டு முனையும் திறந்த, படகு வடிவப் புட்டிதான் சரி. விரல் விட்டுக் கழுவலாம், கொதிநீர் ஊற்றலாம். அதைவிடச் சரி தாய்ப்பால். செயின்ட் அல்டனில் தாய்மாருக்குக் கற்பிப்பதைச் சிகிச்சையின் பாதி என்றே வைத்திருந்தார்கள். சரிதானே? குழந்தையைத் தேற்றி அதே புட்டிக்குத் திருப்பி அனுப்பினால் பத்து நாளில் மறுபடி வரும்.

ஜூலை 21

அக்கால மருத்துவர் கையில் என்ன இருந்தது? முதல் நாள் பால் நிறுத்தம். கொதித்து ஆறிய நீர், பார்லிக் கஞ்சித் தெளிவு. பிறகு ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு நீர், மெல்ல மெல்லக் கெட்டியாக்குவது. அவசரப்பட்டு முழுப்பால் கொடுத்தால் போக்கு திரும்பும். பயந்துபோய் நீர்த்த பாலையே வாரக்கணக்கில் கொடுத்தால் குழந்தை பட்டினியில் வாடும். இரண்டு தவறுமே சகஜம்.

கண் குழி விழுந்து, உச்சிக்குழி அமுங்கிய குழந்தைக்கு உப்புநீரைத் தொடைத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். நடுத்தர நிலையில் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உடல் சில்லிட்டுவிட்டால் தோலுக்கு ரத்தம் போவதில்லை; ஏற்றிய நீர் வீக்கமாகவே நிற்கும். மிக வேண்டிய குழந்தைக்கு மிகக் குறைவாகப் பயன்படும் வைத்தியம். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரின் அருமை உலகத்துக்குத் தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

ஆகஸ்ட் 27

அரசியலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, அதிலும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு, வாக்கு. 1922இல் ஐரிஷ் சுதந்திர அரசின் அரசியலமைப்பில் 21 வயதான எல்லாருக்கும். பிரிட்டனுக்கு ஆறு வருஷம் முந்தி. 1923 ஆகஸ்ட் 27 தேர்தலில் லின் டப்ளின் மாவட்டத்தில் வென்றார். ஆனால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த கட்சி அவருடையது. ஆகவே அவையில் உட்காரவே இல்லை. 1927இல் தோற்றார்.

இத்தனை வருஷம் வாக்குக் கேட்டுப் போராடிவிட்டு, வாங்கிய நாற்காலியைக் காலியாக விட்டதை என்னால் மெச்ச முடியவில்லை. அதே காலத்தில், 1920 முதல் 1930 வரை, ராத்மைன்ஸ் நகராட்சியில் உறுப்பினராக அவர் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாக்கடையும் குடியிருப்பும் அங்கே முடிவாகும் விஷயங்கள்.

செப்டம்பர் 5

செயின்ட் அல்டனின் மிகப் பெரிய சாதனைக்குச் சொந்தக்காரர் லின் அல்ல, அங்கே 1923இல் சேர்ந்த டொரத்தி ஸ்டாப்ஃபோர்ட் பிரைஸ். காசநோயில் உலகம் என்ன எழுதுகிறது என்று பார்க்க ஜெர்மன் கற்றுக்கொண்டவர். 1937இல் அயர்லாந்தின் முதல் பிசிஜி ஊசி இங்கே போடப்பட்டது. மருந்து வந்தது ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து, வால்கிரென் ஆய்வகம் வழியாக.

துணிச்சலான காரியம். 1930இல் ஜெர்மனியின் லூபெக்கில் பிசிஜியோடு வீரியமுள்ள காசக்கிருமி கலந்துபோய் 70க்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்த நினைவு ஆறவில்லை.

முறை இது. முதலில் டியூபர்குலின் சோதனை: முன்கையில் தோலுக்குள் சிறு ஊசி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பைத் தொட்டுப் பார்ப்பது. தடித்திருந்தால் கிருமி ஏற்கெனவே உள்ளே, பிசிஜி வீண். தடிக்காத குழந்தைக்கே ஊசி. ஆனால் நேற்றுத் தொற்றியது இன்று சோதனையில் தெரியாது, பல வாரம் ஆகலாம். அதனால் முன்னும் பின்னும் இருமும் உறவினரிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைக்கவேண்டும். பிரிக்காமல் போட்டு, அம்மாவிடமிருந்து காசம் தொற்றினால் பழி ஊசிமேல் விழும். ஊசி தோலுக்குள்ளேயே நிற்கவேண்டும். சரியாகப் போட்டால் ஆரஞ்சுத் தோல்போல வெளிறிய கொப்புளம் எழும். ஆழமாகப் போனால் சீழ்க்கட்டி, அக்குளில் நெறி. மருந்து உயிருள்ள கிருமி, அன்றைய திரவ வடிவில் சீக்கிரம் வலுவிழக்கும். கப்பல் தாமதமானால் மொத்தமும் குப்பை.

இந்தியாவில் பிசிஜி தொடங்கியது 1948இல், மதனப்பள்ளியில். மார்கரெட் கசின்ஸ் முதலில் வந்திறங்கிய அதே ஊர். தற்செயல்தான், ஆனாலும் குறித்துவைக்கிறேன்.

செப்டம்பர் 14

1955இல் இன்று லின் இறந்தார், வயது 81. டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறையில் ராணுவ மரியாதை.

அவருடைய பெரிய ஆசை ஒன்று நிறைவேறவில்லை. செயின்ட் அல்டனையும் ஹார்கோர்ட் தெருக் குழந்தைகள் ஆஸ்பத்திரியையும் இணைத்துப் பெரிதாக ஒன்று கட்டத் திட்டம். 1930களின் நடுவில் கத்தோலிக்கப் பேராயர் தடுத்துவிட்டார்: நோயாளிக் குழந்தைகள் பெரும்பாலும் கத்தோலிக்கர், டாக்டர்களில் புராட்டஸ்டன்ட்கள் அதிகம். லின் பாதிரியார் மகள், புராட்டஸ்டன்ட். பெண் என்று மறுத்த கதவுக்குப் பிறகு மதம் என்று ஒரு கதவு. திருச்சபையின் ஆதரவோடு குரம்லினில் எழுந்த பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரி அவர் இறந்த மறு ஆண்டு திறந்தது. 37ஆம் எண் 1980களில் மூடப்பட்டது.

கிளென்மலூர் பள்ளத்தாக்கில் இருந்த தன் குடிசையை அவர் இளைஞர் விடுதிச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். காற்றும் வெளிச்சமும் மருந்து என்று நம்பி, சொந்த வீட்டில் பால்கனியில் படுத்து உறங்கியவர். அந்தக் குடிசை மலையேறுகிறவர்கள் தங்கும் விடுதியானது.