அட்டைப்படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது

"அட்டை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தைக்கூட நகர்த்த முடியாது. நூல் அட்டைகளைச் சக வடிவமைப்பாளர்களிடமும் வாசகர்களிடமும் காட்டித் திருத்துவது எங்கள் வேலையின் ஒரு பகுதி. பிடித்திருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, கண்ணில் என்ன பட்டது என்று கேட்கத் தொடங்கினால்தான் பயன்படும் பதில்கள் வருகின்றன.

முதலில் காட்ட வேண்டியது சிறிய படத்தை. கிண்டில் மின்னூலுக்கு அமேசான் பரிந்துரைக்கும் அளவு 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். ஆனால் வாசகர் கடைப் பக்கத்தில் பார்ப்பது நகத்தளவுப் படம். அதனால் உயரத்தை 160 பிக்சலுக்குக் குறைத்து, கதைச் சுருக்கமோ வகையோ எதுவும் சொல்லாமல் அனுப்புகிறோம். ஐந்து விநாடி பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும். பிறகு மூன்றே கேள்விகள்: தலைப்பு என்ன? இது என்ன மாதிரியான புத்தகம்? கண் முதலில் எங்கே போனது? பதிலைத் தனித்தனியாக எழுதி வாங்குவது முக்கியம். குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டால், முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் வேறு சொற்களில் சொல்வார்கள்.

தலைப்பைப் படிக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் குறை நிறத்தில் இல்லை, வெளிச்ச வேறுபாட்டில் இருக்கிறது. அட்டையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்து கணினியில் பளிச்சென்று தெரிந்தாலும், சாம்பல் நிறத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடலாம். துப்பறியும் நாவலைக் காதல் கதை என்று ஊகித்தார்கள் என்றால் எழுத்துருவையும் நிறத்தையும் சந்தேகியுங்கள். வளைந்து நெளிந்த கையெழுத்து பாணியும் வெளிர் நிறங்களும் சேர்ந்தால், படத்தில் கத்தியே இருந்தாலும் அட்டை மென்மையாகத்தான் பேசும்.

பார்ப்பவர்கள் குறையைச் சொல்வதைவிடத் தீர்வைச் சொல்லவே விரும்புவார்கள். "தலைப்பைச் சிவப்பாக்குங்க", "எழுத்தைப் பெரிசாக்குங்க", "சுத்தி ஒரு கோடு போடுங்க" என்று மூன்று பேர் மூன்று வழி சொல்லலாம். மூன்றையும் செய்தால் அட்டை கெட்டது. மூவரும் விரல் வைத்த இடம் ஒன்றுதான், தலைப்பு பின்னணியில் மூழ்குகிறது. எழுத்துக்குப் பின்னால் உள்ள புகைப்படப் பகுதியைச் சற்று இருட்டாக்கினாலே சரியாகிவிடக்கூடும். சுட்டிய இடத்தை நம்புங்கள், மருந்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

தமிழ்த் தலைப்புகளுக்கு ஒரு தனிச் சோதனை தேவை. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல் வரியில் உள்ள 'ழு', 'மூ' போன்றவற்றின் வால் கீழ் வரியின் 'தீ', 'கி' ஆகியவற்றின் கொக்கியில் போய் இடிக்கும். சிறிய அளவில் அது ஏதோ கறைபோலத் தெரியும். அதைவிட மோசமானது எழுத்துச் சிதைவு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற அமைப்பு தேர்வு செய்யப்படாமல் இருந்தால் கொம்புகள் இடம் மாறி, 'கொ' உடைந்து நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளரின் கண்ணுக்கு இது பிழையாகவே தெரியாது. எனவே பார்ப்பவர்களில் ஒருவராவது ஒவ்வொரு எழுத்தாகத் தலைப்பைப் படித்துக் காட்ட வேண்டும். கருத்துக்கு அனுப்புவது பிஎன்ஜி படமாகவே இருக்கட்டும். திருத்தக்கூடிய கோப்பாக அனுப்பினால், அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் செய்யாத அட்டைக்கு விமர்சனம் வரும்.

ஒரு சுற்றுக்கு ஐந்து முதல் எட்டு பேர் போதும். பாதிப் பேராவது அந்த வகை நூல்களை வாங்கிப் படிப்பவர்களாக இருக்க வேண்டும். வடிவமைப்பாளர்கள் மட்டும் பார்த்தால் பேச்சு எழுத்துருவின் நுணுக்கத்திலேயே நின்றுவிடும். நூலாசிரியரை இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம். அவருக்குக் கதை தெரியும் என்பதால், ஆறு, வீடு, நாயகனின் தழும்பு எல்லாமே அட்டையில் இருக்க வேண்டும் என்பார். அடுத்த சுற்றுக்குப் புதிய கண்கள் வேண்டும். தலைப்பை ஏற்கெனவே அறிந்தவர் மங்கலான எழுத்தையும் சரியாகப் படித்துவிடுவார். சுற்றுக்கு ஒரு மாற்றம்தான். படம், நிறம், எழுத்துரு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

அச்சு நூலென்றால் கடைசிச் சுற்று காகிதத்தில் நடக்க வேண்டும். முதுகின் (அலமாரியில் அடுக்கினால் வெளியே தெரியும் குறுகிய பகுதியின்) அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. அமேசானின் அச்சுச் சேவையில் கறுப்பு மை, வெள்ளைத் தாள் என்றால் பக்கத்துக்கு 0.002252 அங்குலம், கிரீம் தாளுக்கு 0.0025. அதாவது 200 பக்க நூலுக்கு முறையே சுமார் 11.4, 12.7 மி.மீ. தாளை மாற்றிவிட்டு அட்டையை மாற்ற மறந்தால் முதுகெழுத்து ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் சேர்த்து, ஓரங்களில் வெட்டுக்கான 3 மி.மீ. கூடுதலோடு, முழு அளவில் அச்சிட்டு, அதே தடிமனுள்ள ஒரு புத்தகத்தின் மேல் மடித்துக் கொடுங்கள். திரையில் யாரும் கவனிக்காத குறைகளைக் கையில் வாங்கியதும் சொல்வார்கள்: முதுகில் பெயர் மடிப்பில் ஏறுகிறது, பின்னட்டை எழுத்து பொடியாக இருக்கிறது, பார்கோடு ஒரு வரியை மறைக்கிறது.

நிறத்தைப் பற்றிய கருத்தை இந்தக் கட்டத்தில்தான் கேட்க வேண்டும். ஒவ்வொருவர் திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். திரை பயன்படுத்தும் ஆர்ஜிபி நிறமுறையில் மின்னும் நீலமும் பச்சையும், அச்சுக்கான சிஎம்ஒய்கே மையில் மங்கிவிடும். வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த பிரதி, அளவையும் இடத்தையும் பார்க்க மட்டுமே உதவும். நிறத்துக்கு அச்சகம் தரும் மாதிரிப் பிரதியைத்தான் காட்ட வேண்டும்.