பில்லிங்கில் இருப்பவள் கையில் போன் இல்லை

எங்கள் கடையில் பில்லிங்கில் உட்காருகிறவர்கள் காலையிலேயே போனை லாக்கரில் போட்டுவிட வேண்டும். (உட்கார ஸ்டூல் வந்ததே 2021-இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான், அது தனிக் கதை.) எதிரில் நிற்கும் வாடிக்கையாளர் கையில் போன் இருக்கும். தகராறு வந்தால் வீடியோ எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்கவே வேண்டாம்.

2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி குறைந்ததே, அந்த வாரம் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்டுக்கெல்லாம் வரி 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. துணி துவைக்கிற பவுடருக்கு அதே 18தான். பாக்கெட்டில் பழைய எம்.ஆர்.பி., சிஸ்டத்தில் சிலதுக்குப் புது விலை, சிலதுக்குப் பழைய விலை, இதையெல்லாம் விளக்குகிற வேலை பில் போடும் பெண்கள் தலையில் விழுந்தது.

ஒருவர் பவுடர் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "டிவில குறைச்சாச்சுங்கிறான், நீ என்னம்மா பழைய விலையையே போடுற?" என்றார். குளிக்கிற சோப்புக்குத்தான் சார், பவுடருக்கு இல்லை என்று அந்தப் பெண் நிதானமாகத்தான் சொன்னாள். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். பின்னால் வரிசை நீண்டு ஆளாளுக்கு முணுமுணுக்க, மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது. அப்போதுதான் போன் வெளியே வந்தது. "பேர் என்ன, பேட்ஜைக் காட்டு." அப்புறம் பரவிய வீடியோ அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்த எதுவும் அதில் இல்லை.

சரி, கடை கேமராவைப் பார்க்கலாம் என்றால் அதில் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. அவள் கையை நீட்டித் திட்டுவது போலவே இருக்கிறது. உண்மையில் பாக்கெட்டில் இருந்த எம்.ஆர்.பி.யைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பில் போடுகிறவர்களால் ஒரு ரூபாயைக்கூட மாற்ற முடியாது. விலை ஹெட் ஆபீஸிலிருந்து வருகிறது, ஒரு பொருளைப் பில்லிலிருந்து எடுக்கவே என்னைப் போன்ற இன்சார்ஜின் பாஸ்வேர்டு வேண்டும், ராத்திரி கணக்கில் காசு குறைந்தால் மட்டும் அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள். கடைகளில் ஏமாற்றே நடக்காது என்று சொல்லவில்லை. ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று எங்களிடமே வந்திருக்கிறது. அந்த ரேக்கைப் படம் எடுங்கள், பில்லைப் படம் எடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். இதில் அவள் முகம் எதற்கு?

நிர்வாகங்களின் புத்தி இன்னொரு ரகம். 2021 அக்டோபரில் சொமேட்டோவின் வாடிக்கையாளர் சேவை ஊழியர் இந்தி தேசிய மொழி என்று பதில் சொன்ன ஸ்க்ரீன்ஷாட் பரவியதும், முதலில் வேலையை விட்டு எடுத்தார்கள், கொஞ்ச நேரத்திலேயே திரும்பச் சேர்த்தார்கள். அந்தப் பதிலைப் படித்து எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது என்று பழக்காமல் விட்டவர்கள் யார்?

எங்கள் மேனேஜர் அவளை மன்னிப்பு வீடியோ எடுக்கச் சொன்னார். "விலை சரின்னு நீங்களும்தான சார் சொல்றீங்க, அப்புறம் எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டாள். பதில் இல்லை. வீடியோவும் எடுக்கவில்லை, ஆனால் சில நாள் குடோனில் பருப்பு பாக்கெட் போட அனுப்பிவிட்டார்.

இப்போது மறுபடி பில்லிங்கில்தான் இருக்கிறாள். பேட்ஜில் பேருக்குப் பதில் நம்பர் போட்டுத் தரச் சொல்லி அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். ஹெட் ஆபீஸிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.