வயர்லெஸ் கியர்: கேபிள் போச்சு, ஹேங்கர் இருக்கு

சைக்கிளில் ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் மாதிரி முழு வயர்லெஸ் கியர் செட் மாட்டிவிட்டால் கேபிள் தளர்வு, உறைக்குள் துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் கியர் சரியாக விழாதபோது பழி போடவும் கேபிள் இல்லை. மிச்சம் ஹேங்கர் (செயினைப் பல் மாற்றும் பின் டீரெய்லர் தொங்கும் துண்டு), பி-ஸ்க்ரூ (டீரெய்லருக்கும் பல்லுக்கும் இடைவெளி வைப்பது), லிமிட் ஸ்க்ரூ (டீரெய்லர் ஓரம் தாண்டாமல் தடுப்பது). முக்கால்வாசி வேலை இந்த மூன்றில்தான். ஆப் எல்லாம் பிறகு பார்த்துக்கிடலாம்.

வாங்கும் முன் பின்சக்கர ஹப்பைப் பாருங்கள். கேசட் என்பது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு; அதில் ஒவ்வொரு சக்கரத்தையும் பல் என்போம். சின்னப் பல்லில் 10 முனை என்றால் ஹப்பில் எக்ஸ்டிஆர் (XDR) டிரைவர், அதாவது கேசட் ஏறும் உருளை, வேண்டும். ஷிமானோ ஹப் பாடியில் அது ஏறாது. கேசட் எது என்பதிலும் ஊரைப் பாருங்கள். வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில் எதிர்த்து மிதிப்பவருக்கு 10-33ஐவிட 10-28 (சின்னப் பல்லிலும் பெரிய பல்லிலும் உள்ள முனை எண்ணிக்கை) உத்தமம். அதில் 15, 16, 17 என்று வரிசையாக இருக்கும். 10-33இல் 15 விட்டால் 17தான், 16 இல்லாத அந்த இடைவெளி காற்றில் காலுக்குத் தெரியும். மலை ஏறுபவர்கள் 10-33க்கே போகட்டும். கேசட்டைப் பிடிக்கும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

டீரெய்லரை மாட்டும் முன் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்ப்பதை மட்டும் விடவே கூடாது. சக்கர விளிம்பின் நாலு பக்கமும் இடைவெளி ஒன்றாக வர வேண்டும். வளைந்த ஹேங்கரை மோட்டார் சரிக்கட்டாது. ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் உள்ள கியர் லீவர்) பட்டனால் டீரெய்லரைத் துளித்துளியாக நகர்த்தும் மைக்ரோ அட்ஜஸ்ட் எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவுதான் நகர்த்தும். நடுப் பற்கள் அமைதியாக இருந்து ஓரத்தில் மட்டும் சத்தம் வந்தால் பட்டனைத் தட்டிப் பிரயோஜனம் இல்லை, ஹேங்கரைத்தான் பார்க்கணும்.

செயின் ஸ்ராமின் ஒருபக்கம் தட்டையான ஃப்ளாட்டாப்தான். பெடல் பக்கத்துப் பெரிய வளையம், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றி, டீரெய்லரில் கோக்காமல் அளந்து, ஒரு உள் கண்ணியும் ஒரு வெளிக் கண்ணியும் கூட்டி வெட்டுங்கள். செயினை இணைக்கும் பவர்லாக் கண்ணி ஒரு தடவைக்குத்தான்; கழற்றினால் புதுசு போடுங்கள்.

ஷிஃப்டர்களையும் டீரெய்லர்களையும் வயர்லெஸில் ஜோடி சேர்ப்பது ஒரு நிமிட வேலை. பின் டீரெய்லரின் பட்டனைப் பச்சை விளக்கு மெதுவாகச் சிமிட்டும்வரை அழுத்துங்கள். அடுத்து முன் டீரெய்லர், இரண்டு ஷிஃப்டர் ஒவ்வொன்றிலும் விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை. கடைசியில் பின் டீரெய்லரையே மறுபடி அழுத்தி முடித்துவிடுங்கள்.

இனி ஸ்டாண்டில் ஏற்றி, முன்னால் சின்ன வளையம், பின்னால் பெரிய பல். பி-ஸ்க்ரூவை டீரெய்லருக்குரிய கேஜ் வைத்தே திருப்புங்கள், கண் மதிப்பு வேண்டாம். இடைவெளி கூடினால் கியர் மந்தமாக விழும்; குறைந்தால் டீரெய்லரின் மேல் புல்லி (சின்ன உருளை) பல்லில் உரசும். கேசட் மாற்றினால் இதைத் திரும்பப் பார்க்கணும். அடுத்து இரண்டாவது பெரிய பல்லுக்கு வந்து பின்னாலிருந்து பாருங்கள்: புல்லி பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். வலது ஷிஃப்டரின் சின்னப் பட்டனைப் பிடித்தபடி வலது லீவரைத் தட்டினால் டீரெய்லர் வெளியே போகும். இடதில் அதையே செய்தால் உள்ளே வரும். லிமிட் ஸ்க்ரூ கடைசியில். பெரிய பல்லில் இருக்கும்போது உள்பக்க ஸ்க்ரூ மெல்லத் தொட்டு நின்றால் போதும். இறுக்கிவிட்டால் மோட்டார் அதை முட்டித் தள்ளப் பார்க்கும், கியர் முழுசாக விழாது.

முன் டீரெய்லரின் வெளித்தகடு பெரிய வளையத்தின் பல்லுக்கு மேல் 1 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்தில், வளையத்துக்கு இணையாக நிற்கட்டும்.

டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் திரவம் ஓடும் குழாய் (ஹோஸ்) உண்டு. ஸ்ராம் ரோடு பிரேக்குக்கு டாட் 5.1 என்ற பிரேக் திரவம், ஷிமானோ மினரல் ஆயிலை அதில் ஊற்றினால் சீல் கெட்டுப்போகும். டாட் பெயின்ட்டையும் தின்னும், சிந்தினால் உடனே துடையுங்கள்.

காரிலோ ரயிலிலோ கொண்டுபோகும்போது பேட்டரிகளைக் கழற்றி மூடி போடுங்கள். அசைவில் டீரெய்லர் தூங்காமல் கிடந்து சார்ஜை இறக்கிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விடாதீர்கள். ஷிஃப்டருக்கு வாட்ச் கடையில் கிடைக்கும் சிஆர்2032 போதும். குழந்தை விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு பூசியதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மின்தொடர்பு சில நேரம் சரியாகக் கிடைக்காது.

பட்டனைத் தட்டும்போது விளக்கு சிவப்பில் சிமிட்டினால் 5 மணி நேரத்துக்கும் குறைவுதான் மிச்சம். வழியில் பின் பேட்டரி இறந்துவிட்டால், முதலில் முன் கியரை வேண்டிய வளையத்துக்கு மாற்றிக்கொண்டு, முன் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் போடுங்கள். 12 கியரும் வேலை செய்யும்.