ஈரப் பந்து

அக்டோபர் 12, 2024, சனி

மத்தியானம் என் மகன் தம்பியின் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். மூன்றாம் குவார்ட்டரில் அவர்கள் சென்டர், பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் விட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவன், அந்த நான்காம் வருஷப் பையனுக்கு முழங்கால் போய்விட்டது. பக்கத்தில் விழுந்த ஒருவனின் மொத்த எடையும் அவன் காலின் வெளிப்பக்கமாகச் சரிந்தது. எழுந்திருக்கவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவன் அம்மா. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். போகவில்லை. என் கண் தம்பி மேலேயே இருந்தது, அவன் ஹெல்மெட் பட்டையை மாட்ட வராமல் தடவிக்கொண்டிருந்தான். வண்டியில் ஏற்றும்போது அந்தப் பையன் தன் இடுப்புக்குப் பின்னால் செருகியிருந்த வெள்ளைத் துண்டை உருவித் தம்பி கையில் கொடுத்தான். பின்னால் நின்று பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் கை துடைக்கிற துண்டு. தம்பி அதைச் செருகிக்கொண்டு பந்துக்கு முன்னால் குனிந்தான்.

ராத்திரி டிவியில் ஓரிகான் ஆட்டம். 32-31, எங்கள் பக்கத்து யூனிவர்சிட்டி ஒஹையோ ஸ்டேட் தோற்றது. அவர்கள் லெஃப்ட் டேக்கிள், லைன் என்கிற முன்வரிசைத் தடுப்பில் இடது ஓரத்தில் நிற்கிற ஜோஷ் சிம்மன்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது டிவியை நிறுத்தலாமா என்று இருந்தது. ஒரே நாளில் இரண்டு முழங்கால்.

அக்டோபர் 13

தம்பி போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 14

எடுத்தான். "பரவால்லம்மா" மூன்று தடவை. மிச்ச சீசனுக்கு அவன்தான் சென்டர். இருபது வயசுகூட முடியவில்லை.

அக்டோபர் 19, சனி

காலையிலிருந்தே மழை. மைதானக் கோடியில் எங்கள் பக்கத்து எண்ட் ஸோனை ஒட்டி, பதினான்கு நிமிஷம் மிச்சம், நாங்கள் ஐந்து புள்ளி முன்னால் இருந்தோம். தம்பி விட்ட பந்து குவார்ட்டர்பேக்கின் தலைக்கு மேலே போய்விட்டது. கையை உயர்த்தினான், விரல் நுனியில்கூடப் படவில்லை. பந்து எண்ட் ஸோனுக்குள் குதித்துக் குதித்து ஓட, வேறு வழியில்லாமல் அவனே அதை வெளியே உதைத்துத் தள்ளினான். சேஃப்டி, அவர்களுக்கு இரண்டு புள்ளி, பந்தும் அவர்களுக்கே. கடைசியில் இரண்டு புள்ளியில் தோற்றோம். கணக்கை எப்படிப் போட்டாலும் அந்த இரண்டு அங்கேயே வந்து நிற்கிறது.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் அவன் நம்பரைச் சொல்லிக் கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பெற்றோரும் பார்க்கிங்கில் மேஜை போட்டுச் சாப்பாடு வைப்போம், நான் எப்போதும் போல எலுமிச்சை சாதம் வைத்தேன். அவன் வரவில்லை, பஸ்ஸுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றுகொண்டான். இவரிடம் போனில் சொன்னேன். "சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டார். இவர் ஆட்டத்துக்கு வருவதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிட்டான், பேசவில்லை. அப்புறம் கராஜிலிருந்து நீல வாளியை எடுத்துத் தண்ணீர் பிடித்து, பந்தை அதில் முக்கி, "அம்மா, அஞ்சு யார்ட் பின்னாடி நில்லு" என்றான். அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது இப்படி நின்றிருக்கிறேன். அப்போது அவன் விடுகிற பந்து என் முட்டியில் படும்.

நான் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டேன். அவன் குனிந்தான். இப்போது முதுகு எவ்வளவு அகலம்! கால்களுக்கு நடுவே பந்து மட்டும் தெரிகிறது, மணிக்கட்டு ஒரு சொடுக்கு, அது சுழன்று வருகிறது, வரும்போதே தண்ணீர் சிதறி என் கண்ணாடியில் அடிக்கிறது. முதல் பத்தில் நாலு தலைக்கு மேலே போனது. ஈரமாக இருந்தால் கை இறுக்கிப் பிடிக்கிறதாம், இறுக்கினால் விடுவதற்கு ஒரு நொடி தாமதம், அந்தத் தாமதம் பந்தை மேலே தூக்கிவிடுகிறது. அவனே சொன்னான், தெரிகிறது, கைதான் கேட்க மாட்டேன் என்கிறது என்றான். நூற்றுப் பத்து பந்து எண்ணினேன். கடைசி முப்பதில் ஒன்றுகூட என் நெஞ்சைத் தாண்டவில்லை. இப்போது இடது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது, அவனிடம் காட்டவில்லை.

அலபாமா டீமின் சென்டராக இருந்த சேத் மெக்லாக்லின் பற்றி நான்தான் பேச்சை எடுத்தேன். இந்த ஜனவரி 1-ஆம் தேதி, ரோஸ் போல் என்கிற பெரிய ஆட்டம், ஓவர்டைமில் அலபாமாவின் கடைசி பிளே, அவன் விட்ட பந்து தாழ்வாக வந்தது, மிச்சிகன் 27-20 என்று ஜெயித்தது. அந்தப் பையனை நாடே திட்டியது. இப்போது அவன் ஒஹையோ ஸ்டேட்டுக்கு வந்து நாட்டிலேயே நல்ல சென்டர் என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கிறான், நம் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில். தம்பி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவன் அன்னிக்கு ராத்திரி என்னம்மா பண்ணியிருப்பான்?" என்றான். எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 22

தம்பி எடை 262 பவுண்டு. 275 வேண்டுமாம். வாரத்துக்கு எத்தனை முட்டை அனுப்ப முடியும்.

அக்டோபர் 24, வியாழன்

குரல்தான் பிரச்சினையாம். பந்து இல்லை, குரல். கோச் வீடியோ போட்டுக் காட்டினாராம்: எதிரணியில் இரண்டாம் வரிசையில் நிற்கிற லைன்பேக்கர் நகர்கிறான், தம்பி சரியாகப் பார்த்துவிட்டான், சரியாகச் சொல்லியும்விட்டான், அவனுக்கு வலது பக்கம் நிற்கிற ரைட் கார்டுக்குக் கேட்கவே இல்லை. குவார்ட்டர்பேக் முதுகில் அடி வாங்கினான். நாற்பது விநாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் சென்டர் எதிரில் நிற்பவர்களைப் படித்து, இவன்தான் 'மைக்', நடு லைன்பேக்கர், என்று விரலை நீட்டி, அதை வைத்து மற்ற நாலு பேரும் யார் யாரைத் தடுப்பது என்று முடிவாக வேண்டும். நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தியாக வேண்டும். இவன் கத்துவதில்லை. "எனக்குக் கத்த வரலம்மா" என்கிறான்.

எப்படி வரும்? அவனுக்கு ஒன்பது வயசு ஆகிற வரை நாங்கள் அபார்ட்மெண்டில் மேல் மாடியில் இருந்தோம். கீழே ஒரு வயசானவர், விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டுவார். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மெதுவாப் பேசு, மெதுவா நட, கதவை மெதுவாச் சாத்து. கடையில், பள்ளியில், விமானத்தில். எங்கே போனாலும் நம்மை யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். நல்ல பிள்ளை, சத்தமே கேட்காது என்று எல்லாரும் சொன்னபோது எவ்வளவு பெருமை எனக்கு. நான் அடக்கி வைத்ததைத்தான் இன்று அந்தக் கோச் அவனிடம் கேட்கிறார். இதை அவனிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் பாரம் குறையுமா, கூடுமா? ராத்திரி இரண்டு மணி. இவர் தூங்குகிறார்.

அக்டோபர் 26

ஜெயித்தோம். தலைக்கு மேல் ஒன்றும் போகவில்லை. வீடு வருவதற்குள் ஒஹையோ ஸ்டேட்டும் நெப்ராஸ்காவை 21-17.

அக்டோபர் 31, தீபாவளி

அதிரசம் பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டதற்கு, "லைன் ரூம்ல வெச்சேன், அஞ்சு நிமிஷத்துல காலி" என்றான். அந்த நான்காம் வருஷப் பையனும் தினமும் ஊன்றுகோலோடு வருகிறானாம், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறானாம். அறுவை சிகிச்சைத் தேதி இன்னும் வரவில்லையாம். அவன் அம்மாவுக்கும் ஒரு டப்பா அனுப்பியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

நவம்பர் 2, சனி

போகிற வழியில் ரேடியோவில் பென் ஸ்டேட் ஆட்டம். லட்சம் பேருக்கு மேல் கத்துகிறார்கள், சத்தத்தில் கார் ரேடியோவே கரகரத்தது. சிம்மன்ஸ் இல்லாததால் டோனவன் ஜாக்சனை லெஃப்ட் டேக்கிளுக்கு நகர்த்திவிட்டு, கார்ட் இடத்தில் கார்சன் ஹின்ஸ்மேனைப் போட்டிருக்கிறார்கள். போன வருஷம் சீசன் முழுக்க அவன்தான் சென்டர். டிசம்பரில் சீசன் கடைசி ஆட்டமான காட்டன் போலுக்குப் போனபோது அவனை வெளியே உட்கார வைத்தார்கள். இந்த வருஷம் மெக்லாக்லின் வந்ததும் அந்த இடமும் போய்விட்டது. அவன் எங்கேயும் போகவில்லை. ஆட்டத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் மிச்சம், ஒஹையோ ஸ்டேட் தங்கள் கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே பந்தை வாங்கி, கடைசி வரைக்கும் திருப்பிக் கொடுக்கவே இல்லை. 20-13. பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு அது முடிகிற வரை இறங்கவில்லை. தம்பியின் ஆட்டத்தில் முதல் இரண்டு பிளே போய்விட்டது.

நாங்கள் தோற்றோம். அவன் குரல் கேட்கவில்லை.

நவம்பர் 9, சனி

கேட்டது.

நான் வழக்கமாக உட்காருகிற இடம், முப்பது யார்ட் கோடு, ஏழாம் வரிசை. இரண்டாம் பாதியில் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. "ஃபிஃப்டி ஃபோர்! ஃபிஃப்டி ஃபோர் மைக்!" என்று ஒரு குரல். முதலில் யாரோ கோச் என்று நினைத்தேன். அடிவயிற்றிலிருந்து வருகிறது, கொஞ்சம் கிழிந்த மாதிரி, எங்கள் அப்பா வயலில் வரப்புக்கு அந்தப் பக்கம் ஆளைக் கூப்பிடுகிற குரல். விரல் நீட்டியிருந்தான். அப்புறம் வலது பக்கம் திரும்பி இன்னும் ஒரு தடவை. ரைட் கார்ட் கை தூக்கிக் கேட்டுவிட்டது என்று காட்டினான். அப்புறம்தான் குனிந்தான். எட்டு யார்ட். சின்ன விஷயம்தான், எட்டு யார்ட்.

நான் எழுந்து நின்று என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, தமிழில்தான் கத்தியிருக்கிறேன். அந்த நான்காம் வருஷப் பையனின் அம்மா திரும்பிப் பார்த்தார். கீழே இறங்கி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நவம்பர் 10

திருநெல்வேலியிலிருந்து அம்மா போன். "அவன் பந்தைத் தொடுதானா இல்லையா, வீடியோல காங்கலயே." ஒவ்வொரு தடவையும் முதலில் தொடுகிறவன் அவன்தான் என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 16, சனி

கடைசி ஆட்டம். இவர் வந்தார். ஸ்டாண்டில் உட்காரவில்லை, வேலியோரம் கோட்டுப் பையில் கைவிட்டு நாலு குவார்ட்டரும் நின்றார். திரும்பி வரும்போது எழுபது மைல் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "முட்டிக்குப் போட்டிருக்கானே, அந்த பிரேஸ் நல்ல கம்பெனியா?" என்றார்.

நவம்பர் 20

மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநாண் அறுந்துவிட்டதாம். ஆட்டத்தில் இல்லை, சும்மா பயிற்சியில். சீசன் முடிந்தது. ரோஸ் போலிலிருந்து எவ்வளவு தூரம் நடந்து வந்தான்! அலுவலகத்தில் கழிப்பறைக்குப் போய் அழுதேன். முன்பின் தெரியாத பையன்.

தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன். "ஹின்ஸ்மேன் திரும்ப சென்டர்" என்று பதில். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 23

இண்டியானா, அதுவரை தோற்காத டீம். 38-15. பந்து எங்கே போனது என்று பார்க்கவே இல்லை, ஹின்ஸ்மேனின் 75-ஐ மட்டும் பார்த்தேன். விரல் நீட்டுகிறான், திரும்புகிறான், சொல்கிறான். டிவியில் குரல் வராது.

நவம்பர் 30

மிச்சிகனிடம் 13-10. சொந்த மைதானத்தில். தரையில் ஓடி மொத்தமே 77 யார்ட். லைனைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்திருந்த தம்பி சோபாவில் அசையாமல் இருந்தான். முடிந்ததும் வெளியே போனான். வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். வெளியே உறைகிற குளிர். போய்க் கையுறை போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 13

மெக்லாக்லினுக்கு ரிமிங்டன் கோப்பை. 2000-லிருந்து நாட்டின் சிறந்த சென்டருக்குக் கொடுப்பது. அடுத்த அறையில் இருந்த தம்பிக்குச் சொன்னேன், "ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, போட்டோவைக் காட்டு என்றான்.

டிசம்பர் 21

பிளேஆஃப் முதல் சுற்று. ஒஹையோ ஸ்டேட் டென்னஸியை 42-17. ஹின்ஸ்மேன் கை மரத்துப் போயிருக்காதா இந்தக் குளிரில்?

ஜனவரி 1, 2025

ரோஸ் போல். ஓரிகானுக்கு எதிராக இரண்டாம் குவார்ட்டரிலேயே 34-0. கடைசியில் 41-21. அதே மைதானம், சரியாக ஒரு வருஷம். மெக்லாக்லின் இதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜனவரி 10

டெக்சஸை 28-14. ஜாக் சாயர் 83 யார்ட் ஓடியதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஹின்ஸ்மேனை உட்கார வைத்ததும் இதே காட்டன் போல், இதே ஆர்லிங்டன் மைதானம்.

தம்பி 271.

ஜனவரி 19, ஞாயிறு

லைன் பையன்கள் நாலு பேரும் அந்த நான்காம் வருஷப் பையனும் நேற்று வந்துவிட்டார்கள். மூன்று நாள் லீவு. நாலு கிலோ கோழி, ஐந்து டஜன் முட்டை, தோசை மாவு சனிக்கிழமை ராத்திரியே தீர்ந்துவிட்டது. அந்தப் பையன் நொண்டாமல் நடக்கிறான், கால் முழுக்கத் தழும்பு. கராஜில் கதவைத் திறந்துவைத்து எல்லாரும் ஈரப் பந்து போட்டார்கள். என்னை நிற்கச் சொன்னார்கள். ரைட் கார்ட் பையன் நான் பிடித்ததைப் பார்த்து வாய் பிளந்தான். தம்பி அவனிடம் ஏதோ சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. மெதுவாகத்தான் பேசினான்.

ஜனவரி 20, திங்கள்

இறுதி ஆட்டம், நாட்ரடேம். பாதியில் 21-7. எல்லாரும் கூச்சல், தரையில் உட்கார்ந்து மூன்றாவது தட்டு. தம்பி எழுந்தான். "ஆறு மணிக்கு வெயிட் ரூம். கிளம்பலாம்." அவ்வளவுதான் சொன்னான், கத்தவில்லை. நாலு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அந்த நான்காம் வருஷப் பையன், இனிமேல் அவனுக்கு வெயிட் ரூம் கிடையாது, கடைசியாக எழுந்து தன் தட்டையும் தம்பியின் தட்டையும் சேர்த்து சிங்க்கில் வைத்தான்.

கார் கண்ணாடியில் ஐஸ் சுரண்டப் பத்து நிமிஷம் ஆனது. இரண்டாம் பாதியை நானும் இவரும் பார்த்தோம். 34-23. காகித மழைக்குள் 75-ஐத் தேடினேன், ஒரு தடவைதான் தெரிந்தான்.

ஒன்றரை மணிக்கு "ரீச்டு."

ஜனவரி 22

கராஜில் வாளித் தண்ணீர் அடிவரை உறைந்து கிடக்கிறது. பந்து உள்ளேயே இருக்கிறது.