தீயை அணைக்கும் அளவும் ஆளைக் கொல்லும் அளவும்

கரியமில வாயுவால் ஓர் அறையை நிரப்பித் தீயை அணைப்பதானால், அந்த அறையின் காற்றில் குறைந்தது 34 சதவீதம் அந்த வாயுவாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தரநிலை. மனிதன் சில நிமிடங்களில் நினைவிழக்க 10 சதவீதமே போதும். 17 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பி, வலிப்பு கண்டு, உயிரும் போய்விடக்கூடும். ஆக, தீயை அணைக்கத் தேவையான அளவு, ஆளைக் கொல்லப் போதுமான அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கிறது. கப்பல்களின் இயந்திர அறையில் பணியாற்றிய நாட்களில் இந்த வாயுவால் தீயை அணைக்கும் அமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கும் இருந்தது. அதை இயக்கக் கற்றவர்கள் பலருக்கும் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள உறவு தெரியாது என்பதே என் அனுபவம்.

பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித் தருவது, இந்த வாயு ஆக்சிஜனை விரட்டிவிடுவதால் தீயும் அணைகிறது, உள்ளே இருப்பவருக்கும் மூச்சுத் திணறுகிறது என்பதுதான். தீயைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி. மனிதரைப் பொறுத்தவரை பாதி உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அறையில் 34 சதவீதம் கரியமில வாயு கலந்தால் எஞ்சுகிற ஆக்சிஜன் 13.8 சதவீதம். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரத்தில் இறங்கும் ஒருவரின் நுரையீரலுக்கு ஏறக்குறைய இதே அளவு ஆக்சிஜன்தான் கிடைக்கிறது. அவருக்குத் தலை வலிக்கும், படியேறினால் இரைக்கும், ஆனால் நடமாடுவார். அந்த இயந்திர அறையில் இருப்பவரோ சில மூச்சுகளிலேயே விழுந்துவிடுவார். வேறுபாட்டுக்குக் காரணம் ஆக்சிஜன் குறைந்ததில் இல்லை. கரியமில வாயு தானே உடலில் நஞ்சாக வேலை செய்கிறது.

நாம் மூச்சு விட வேண்டும் என்ற உந்துதலே பெரும்பாலும் இரத்தத்திலுள்ள கரியமில வாயுவின் அளவைப் பொறுத்தே எழுகிறது. சுற்றுக் காற்றில் அது கூடும்போது இரத்தத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகி அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. உடனே மூளை, வேகமாக மூச்சு விடச் சொல்கிறது. வேகமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அதே வாயுவை இன்னும் கூடுதலாக உள்ளே கொண்டுவருகிறது. தலைவலி, வியர்வை, படபடப்பு, கண் மங்கல், தெளிவாக யோசிக்க முடியாமை என்று படிப்படியாக ஏறி, பிறகு மயக்க மருந்து கொடுத்ததைப் போல மூளை அடங்கிவிடுகிறது. அளவு மிக அதிகமாக இருந்தால் இந்தப் படிகள் எதுவும் தெரியாது. மூக்கில் சோடா குடித்ததைப் போன்ற ஒரு சுரீர் உணர்வு எழலாம். அதற்கு அடுத்து என்ன செய்வது என்று நினைக்கும் முன்பே கால் மடங்கிவிடும்.

இந்த வேறுபாடு வெறும் பாடப்புத்தக விஷயமாக இருந்திருந்தால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். அது நேரடியாக வந்து இடிக்கும் இடம், சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளும் ஆக்சிஜன் மீட்டர். பொதுவாக அந்தக் கருவி 19.5 சதவீதத்துக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால்தான் ஒலிக்கும்படி அமைக்கப்படுகிறது. ஓர் அறையில் 6 சதவீதம் கரியமில வாயு கசிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் அளவு 19.6 சதவீதமாக இருக்கும். கருவி வாயைத் திறக்காது. ஆனால் உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்நலக் கழகம் வரையறுத்திருக்கும் அளவு 4 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் சராசரி அளவோ அரை சதவீதம்தான். எனவே இந்த வாயு வைக்கப்பட்டிருக்கும் அறைக்குள் நுழைவதற்கு முன் கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் கருவி வேண்டும். ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்பி இறங்குவது, கருவியே இல்லாமல் இறங்குவதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். கருவி இல்லாதவனிடம் கொஞ்சம் பயமாவது மிச்சம் இருக்கும்.

கப்பலில் இந்த அமைப்பின் அளவு எவ்வளவு என்பதை ஒரு கணக்கின் மூலம் சொல்கிறேன். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதிகள், இயந்திர அறையின் கொள்ளளவில் மேலே செல்லும் புகைபோக்கிக் கூண்டைத் தவிர்த்து 40 சதவீதம், அல்லது அதையும் சேர்த்து 35 சதவீதம், இவற்றில் எது பெரிதோ அந்த அளவுக்கு வாயு இருக்க வேண்டும் என்கின்றன. சிலிண்டரில் திரவமாக அடைக்கப்பட்ட ஒரு கிலோ கரியமில வாயு, வெளியே 0.56 கன மீட்டர் வாயுவாக விரியும் என்பது அந்த விதிகளில் கொள்ளப்படும் கணக்கு. 5,000 கன மீட்டர் இயந்திர அறைக்கு 40 சதவீதம் என்றால் 2,000 கன மீட்டர் வாயு, அதாவது ஏறக்குறைய 3,570 கிலோ. 45 கிலோ சிலிண்டர்களாக 80. இதில் 85 சதவீதம் இரண்டு நிமிடங்களுக்குள் உள்ளே பாய்ந்துவிட வேண்டும். அத்தனை வேகமாகப் பாயும் வாயுவிலிருந்து ஏணி ஏறித் தப்பிக்க எவருக்கும் நேரம் இல்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இதனால்தான் வாயுவைத் திறப்பதற்கு இரண்டு தனித்தனிக் கட்டுப்பாடுகள் வைக்கப்படுகின்றன. ஒன்று இயந்திர அறைக்குச் செல்லும் குழாயின் வால்வைத் திறக்கும். மற்றொன்று சிலிண்டர்களைத் திறக்கும். அவை இருக்கும் பெட்டிக்குப் பூட்டு. அதன் சாவி பக்கத்திலேயே கண்ணாடி பதித்த உறையில். பெட்டியின் கதவைத் திறந்த உடனே இயந்திர அறையில் எச்சரிக்கை ஒலி எழும். வாயு பாய்வதற்கு முன் குறைந்தது 20 வினாடிகள் அது ஒலித்தாக வேண்டும். வழக்கமாக அதே கதவோடு காற்றோட்ட விசிறிகளை நிறுத்தும் சுவிட்சும் இணைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் வால்வுகளை மூடுவது, டாம்பர்கள் எனப்படும் காற்றுவழி மூடிகளை அடைப்பது, ஆட்களை எண்ணுவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்த வரிசையில் மிகக் கடினமானது ஆட்களை எண்ணுவதுதான். எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தால் கேப்டன் வாயுவைத் திறக்க உத்தரவிட முடியாது. தாமதித்தால் தீ வளரும். வாயுவோ ஒரே ஒரு முறைக்குத்தான் இருக்கிறது. எண்ணுவதைப் பயிற்சியின்போது ஒரு சடங்காக நடத்திவிட்டு உடனே தேநீருக்குக் கலைந்துவிடும் கப்பல்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கப்பலில் நிஜத்தீ வந்தால் முதலில் குழம்பப்போவது அந்த எண்ணிக்கைதான்.

தீப்பிடித்த அறையில் மாட்டிக்கொண்டு இறந்தவர்களைவிட, தீயே இல்லாதபோது இந்த வாயுவால் இறந்தவர்களைப் பற்றித்தான் விபத்து அறிக்கைகள் அதிகம் பேசுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, 1975 முதல் நடந்த 51 நிகழ்வுகளில் 72 பேர் இறந்ததையும் 145 பேர் பாதிக்கப்பட்டதையும் பதிவு செய்தது. அவற்றில் பெரும்பாலானவை இந்த அமைப்பிலோ அதன் அருகிலோ பராமரிப்பு வேலை நடந்தபோது நேர்ந்தவை. 1998 ஜூலை 28 அன்று இடாஹோ தேசிய ஆய்வகத்தின் ஒரு கட்டடத்தில் மின்சாதனப் பராமரிப்புக்காக 13 பேர் இருந்தார்கள். தீயணைப்பு அமைப்பு மின்னணுக் கட்டுப்பாட்டின் மூலம் முடக்கப்பட்டிருந்தது; ஆனால் வாயு வரும் குழாய்வழி எங்கும் பூட்டப்படவில்லை. மின்சுற்றுகளை ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டிருந்தபோது, முன்னெச்சரிக்கை ஒலி இல்லாமலே வாயு பாய்ந்தது. ஒருவர் இறந்தார், சிலர் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார்கள். 2019 மே 25 அன்று சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் துறைமுகத்தில் பழுதுபார்ப்பில் நின்றிருந்த ஜின் ஹாய் சியாங் என்ற சரக்குக் கப்பலில் வாயு தவறுதலாகத் திறக்கப்பட்டதில் 10 பேர் இறந்தார்கள், 19 பேர் பாதிக்கப்பட்டார்கள். இரண்டு இடங்களிலும் அணைப்பதற்குத் தீ எதுவும் இல்லை.

இடாஹோவில் நடந்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. திரையில் “முடக்கப்பட்டது” என்று எழுத்து வருவதை நம்பி ஆட்களை உள்ளே அனுப்புவது, இன்றும் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. குழாயில் கையால் மூடும் வால்வு ஒன்று இருந்து, அது மூடப்பட்டு, பூட்டுப் போடப்பட்டு, சாவி உள்ளே வேலை செய்பவரின் பையில் இருந்தால் மட்டுமே நான் அதை முடக்கம் என்று ஏற்பேன். மின்சாரத்தை நம்பாமல் வாயுவின் அழுத்தத்தாலேயே ஊதும் சைரனும், வாயுவைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும் கருவியும் இருப்பது இன்னும் நல்லது. மணமற்ற இந்த வாயுவோடு வின்டர்கிரீன் எண்ணெயைக் கலந்துவிடும் ஏற்பாடும் உண்டு. மூட்டுவலித் தைலத்தின் வாசனை வந்தால் ஓட வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிவைப்பது எளிது.

சிலிண்டர்கள் வைக்கப்படும் அறையும் ஆபத்தான இடம்தான். காற்றைவிட ஒன்றரை மடங்கு எடை கொண்ட வாயு என்பதால் கசிந்தது தரையில் தேங்கும். காற்றை உறிஞ்சும் விசிறிக்குழாய் தரையோரத்தில் இருக்க வேண்டும். 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவமும் வாயுவும் பிரிந்து நிற்பதில்லை, அழுத்தம் வேகமாக ஏறும். சென்னை வெயிலில் திறந்தவெளியில் சிலிண்டரை அடுக்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை எடை போட்டுத்தான் நிச்சயமாக அறிய முடியும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் திரும்ப நிரப்ப வேண்டும்.

அலுவலகங்களிலும் கடைகளிலும் மின்பலகைக்குப் பக்கத்தில் தொங்கும் 4.5 கிலோ கையடக்க அணைப்பானைப் பற்றி யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை. அதே கணக்கைப் போட்டால் அது 2.5 கன மீட்டர் வாயுவாக விரியும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டர் கொண்ட ஒரு யு.பி.எஸ். அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். கதவை மூடிக்கொண்டு முழுவதையும் அடித்தால் அறையின் காற்றில் 9 சதவீதம் அந்த வாயுவாகிவிடும். அதாவது அந்த அறையில் நின்றுகொண்டிருந்தால் சில நிமிடங்களில் விழ நேரிடும். கதவைத் திறந்து வைத்து, வாசலில் நின்று, வெளியே போகும் வழியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் உள்ளே போய் எட்டிப் பார்க்கக் கூடாது. ஊதுகொம்பைக் கையால் பிடிக்கவும் கூடாது. வெளிவரும் வாயு சைபருக்குக் கீழே 78 டிகிரி குளிர்ந்த பனித்தூளாக மாறுவதால் தோல் உறைந்து புண்ணாகும். அப்படி ஆனால் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கரியமில வாயுவுக்கு மாற்றாக ஆட்கள் இருக்கும் கணினி அறைகளில் எஃப்.எம்.-200 போன்ற வாயுக்கள் வைக்கப்படுகின்றன. அவை ஏறக்குறைய 7 முதல் 9 சதவீதத்திலேயே தீயை அணைத்துவிடும். 9 சதவீதம் வரை இதயத்துடிப்பில் கோளாறு தென்படுவதில்லை என்பதால் அந்த அளவில் சில நிமிடங்கள் தாங்கலாம். ஆனால் தீயின் வெப்பத்தில் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகும். அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். எனவே “பாதுகாப்பான வாயு” என்ற விளம்பரத்தை நம்பி உள்ளே நின்று கொண்டிருக்கலாகாது. 2008 நவம்பர் 8 அன்று ரஷ்யாவின் நேர்ப்பா நீர்மூழ்கிக் கப்பலில் ஹாலோன் வகைத் தீயணைப்பு வாயு திறந்துகொண்டதில் 20 பேர் இறந்தார்கள்.

கரியமில வாயு பாய்ந்த அறையில் யாராவது விழுந்து கிடந்தால், பார்ப்பவரின் கால் தானாக உள்ளே ஓடும். இரண்டாவது, மூன்றாவது பிணங்கள் அப்படித்தான் விழுகின்றன. காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொள்ளும் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. வடிகட்டி முகமூடி இந்த வாயுவுக்குப் பயன்படாது. வெளியே கொண்டுவந்த பின், மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும், கிடைத்தால் ஆக்சிஜனும் கொடுக்க வேண்டும். தானே எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

தீ அணைந்த பிறகு இயந்திர அறையைச் சில மணி நேரம் திறக்காமல் வைப்பது, சூடான இரும்பு மீண்டும் பற்ற வைக்காமல் இருப்பதற்காக. திறக்கும்போது அந்த வாயு எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். 2008 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்சென்கிளாட்பாக் நகரில் ஒரு தொழிற்சாலையின் அமைப்பிலிருந்து வெளியேறிய வாயு, காற்று அசையாத காலைப்பொழுதில் தெருவில் தேங்கி, நூற்றுக்கு மேற்பட்டோரைப் பாதித்தது. கப்பலில் இதற்குச் சமமான இடங்கள் பக்கத்துப் பாதைகளும், ஸ்டியரிங் அறையும், தாழ்ந்த தொட்டிகளும். விசிறியைப் போடும் முன் அவற்றின் கதவுகளில் ஆள் நிறுத்தி, கருவியால் அளந்த பிறகே உள்ளே விட வேண்டும்.