இடையன்குடியும் ஓர் அசனப் பந்தியும்

திசையன்விளையில் பஸ் மாறி இடையன்குடி போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. செம்மண், பனை, நடுவே தூய திரித்துவ ஆலயம். 1841ல் இந்த ஊருக்கு வந்த மிஷனரி, தமிழறிஞர் கால்டுவெல் ஐயர் கட்டிய ஆலயம் இது. பிரதிஷ்டை 1880ல்தான் நடந்தது. 1891ல் கொடைக்கானலில் இறந்த அவரை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். முழங்காலிட்டு ஜெபித்தேன். ஆனால், உள்ளதைச் சொன்னால், மனசு பக்கத்து ஊரில் இருந்தது. மறுநாள் அக்கா வீட்டுச் சபையில் அசனம்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அசனம் என்றால் ஊரே சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடும் பண்டிகை. அரிசி, தேங்காய், ஆடு எல்லாம் சபையார் கொடுப்பதுதான். சமையலுக்கு ஆள் இருந்தாலும் எடுபிடி வேலைக்கு ஊர் முழுக்க வந்துவிடும். ராத்திரி கோயில் வளாகத்தில் எட்டிப் பார்க்கப் போனவனை ஓர் ஆச்சி விடவில்லை. "எய்யா, சும்மா நிக்கியே, இந்த வெங்காயத்த உரி."

உரித்தேன். எதிரே வாத்தியார் ஒருவர் கத்திரிக்காய் நறுக்கினார். பக்கத்தில் அவரிடம் படித்த பையன், இப்போது லாரி ஓட்டுகிறவன். "சார், பெருசு பெருசா வெட்டுதீங்க" என்று அவன் திருத்தினான். அவரும் கேட்டுக்கொண்டார்.

காலையில் ஆராதனை முடிந்து, ஐயர், அதாவது சபைப் போதகர், ஜெபித்ததும் பந்தி. அண்டாவிலிருந்து ஓலைப்பெட்டியில் ஒருவர் சோறு அள்ளிப்போட, இன்னொருவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் அண்ணன் தம்பி. வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது என்று அத்தான் காதில் சொன்னார். அப்போதும் பேசவில்லைதான். ஆனால் பெட்டி நிரம்பியதும் தம்பி சற்றே தூக்கிக் காட்ட, அண்ணன் கையை நிறுத்தினார்.

"ராசியாகிட்டாங்களா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அது வேற, இது வேற. நீ சாப்பிடு."

ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காய்க் கூட்டு, ரசம். மூன்று தடவை சோறு வாங்கினேன், வெட்கமில்லாமல்.

அப்புறம் அக்கா ஒரு தூக்குவாளியைக் கொடுத்து, மேலத்தெருவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். போனேன். திண்ணையில் ஏற்கெனவே மூன்று தூக்குவாளிகள் இருந்தன.