ஆன் ஹட்சின்சனின் பிறந்த வீட்டு வழி

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சமயக் கருத்துகளுக்காக 1637-இல் விசாரிக்கப்பட்டு வெளியேற்றப்பட்ட ஆன் ஹட்சின்சனின் பிறந்த வீட்டு வழியை, பிறர் தொகுத்த மரபட்டவணைகளை நம்பாமல், ஆவணங்களைக் கொண்டே தொடர்ந்து பார்க்க முற்பட்டேன்.

அக்குடியேற்றத்தின் பாஸ்டன் ஏடுகளில் அவர் வில்லியம் ஹட்சின்சனின் மனைவி. பிறந்த குடும்பத்தை அறிய இங்கிலாந்துக்குத்தான் திரும்ப வேண்டும். 1634-இல் கிரிஃபின் கப்பலில் வந்த அக்குடும்பம் அதற்குமுன் லிங்கன்ஷயரிலுள்ள ஆல்ஃபோர்டில் வாழ்ந்தது. ஆன் மார்பரி என்ற குழந்தை 1591 ஜூலை 20 அன்று ஞானஸ்நானம் பெற்றதும் அவ்வூரில்தான். ஆனால் திருமணப் பதிவு அங்கே இல்லை. மதகுருவான தந்தை பிரான்சிஸ் மார்பரி 1605-இல் லண்டனில் பணியேற்றுக் குடும்பத்தோடு பெயர்ந்துவிட்டதால், 1612 ஆகஸ்ட் 9 அன்று நடந்த திருமணம் லண்டனின் செயின்ட் மேரி வுல்நாத் ஆலயத்துக்கு உரியதாயிற்று. மார்பரி மகளையும் ஹட்சின்சன் மருமகளையும் ஒருவரே என்று காட்டுவது அந்தப் பதிவுதான்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், தந்தை இறந்த காலத்து ஏடுகளில் பிப்ரவரி 1610 என்றிருப்பது நம் கணக்கில் 1611 ஆகும்.

தாய் பிரிட்ஜெட், நார்தாம்ப்டன்ஷயரின் கேனன்ஸ் ஆஷ்பியைச் சேர்ந்த டிரைடன் குடும்பத்துப் பெண். கவிஞர் ஜான் டிரைடனின் பாட்டனார் எராஸ்மஸ் இவருடைய உடன்பிறந்தவர். இந்த வழியே இங்கிலாந்து அரச குடும்பம்வரை ஏறிச் செல்லலாம் என்று வம்சாவளி ஆய்வாளர்கள் காட்டுகின்றனர். பலரும் அந்தப் பெருமைக்காகவே இங்கு வருகிறார்கள். எனக்கோ, அரசர்களைவிடத் தந்தையே பெரிதாகத் தோன்றினார். கல்வியறிவற்றவர்களைக் குருக்களாக்குகிறார்கள் என்று ஆயர்களைச் சாடியதற்காக 1578-இல் லண்டன் ஆயர் ஏல்மரின் முன் நிறுத்தப்பட்ட அவர், அங்கு நடந்த வாக்குவாதத்தைப் பின்னர் தாமே எழுதிவைத்தார். மகளின் விசாரணைப் பதிவை, அவருடைய வழித்தோன்றலான ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் 1767-இல் அச்சிட்டார். பதில் சொல்ல அழைத்திருக்கிறீர்கள், ஆனால் என்மீது என்ன குற்றம் என்பதையே இன்னும் கேட்கவில்லையே என்று அதில் ஆன் வாதிடும் இடத்தைத் தந்தையின் குறிப்போடு சேர்த்துப் படித்தால், எந்தக் குலச்சின்னமும் காட்டாத உறவு புலப்படுகிறது.

அடுத்து, ஆனின் தங்கை கேத்தரின் மார்பரி ஸ்காட்டின் கிளையை எடுத்திருக்கிறேன். அக்குடியேற்றத்தில் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களுக்கு ஆதரவாகப் பேசியதற்காக அவருக்கு 1658-இல் பாஸ்டனில் கசையடி கிடைத்தது.